இரண்டு புள்ளி ஒன்று

சனிக்கிழமை பிற்பகல் மூன்றே முக்கால் மணிக்கு, ஆபீசில் தனியாக உட்கார்ந்திருந்த கணக்குக்காரிக்குத் திடீரென்று பயம் வந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு தண்ணீர்த்தொட்டி மேடைக்குக் கணக்குப் போட்டாள், 3.4 என்று ஓர் எண் வந்தது. மறுபடி போட்டாள்; அது வரவில்லை. அவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு மனுஷி பயப்படுவாளா என்றால், பயந்தாள்.

கணக்குக்காரி என்பது வீட்டார் வைத்த பெயர். கட்டடங்கள் எப்படி ஆடும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிற சின்ன ஆபீஸ் ஒன்றில் பதினோரு வருடமாக வேலை. எந்தத் தரைக்கும் எந்தப் பாலத்துக்கும், தானாக ஆடுவதற்கென்று சொந்தமாகச் சில எண்கள் உண்டு, விநாடிக்கு இத்தனை முறை என்று. ஊஞ்சலை அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சுண்டுவிரல் போதும், உயரம் உயரமாகப் போகும் அல்லவா? அதே சங்கதிதான். தரையின் சொந்த எண்ணும் அதன்மேல் குதிக்கிறவர்களின் தாளமும் ஒன்றாகிவிட்டால், ஒவ்வொரு குதியும் முந்தைய குதியோடு சேர்ந்துகொள்ளும். அப்புறம் தரை யார் பேச்சையும் கேட்காது.

ஆனால் முழுத் தரையை அப்படியே கணினியிடம் கொடுக்க முடியாது. அதைக் கட்டம் கட்டமாக வெட்டி, புள்ளி வைத்து, ஒரு புள்ளிக்கும் பக்கத்துப் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வித்தியாசங்களிலிருந்து அது எண்களைக் கறந்து தரும். இதில் ஒரு தொல்லை. வெட்டினதாலேயே பிறக்கிற எண்களும் கூட்டத்தோடு கூட்டமாக வந்து நிற்கும். அவை தரையில் கிடையாது, கட்டத்தில்தான் உண்டு. ஆபீசில் அவற்றுக்குப் பேய் என்று பெயர். பேயைப் பிடிக்க வழி சுலபம். கட்டத்தை மாற்றி மறுபடி போட வேண்டும். நிஜமான எண் நின்ற இடத்தில் நிற்கும். பேய் நகரும், இல்லாவிட்டால் ஓடிவிடும். ஓடினதைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டு மேற்கொண்டு வேலையைப் பார்க்கலாம்.

மறுபடி போடும்போது கட்டங்கள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும் என்பது முதலாளியின் சட்டம். என்றோ ஒரு காலத்தில் இரட்டைப்படைக் கட்டம் ஒன்று அவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்ததாம். அன்றிலிருந்து, நாற்பதில் போட்டால் நாற்பத்தொன்றில் சரிபார், ஐம்பத்துமூன்றில் சரிபார் என்று ஒற்றைக்காலில் நின்றார். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ஒற்றைப்படை சார் என்று பெயர். முகத்துக்கு நேரே எல்லோரும் சொல்வது "சரி சார்" மட்டும்தான்.

தொட்டி மேடையின் 3.4, முப்பது கட்டத்தில் வந்தது, முப்பத்தொன்றில் காணோம். சட்டப்படி பேய். சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தும் விட்டாள். ஏனோ அன்றைக்கு மட்டும், அடிக்கும் முன் புள்ளிகள் எங்கெங்கே விழுந்திருக்கின்றன என்று படத்தை விரித்துப் பார்த்தாள். முப்பதில் நடுப்புள்ளி மேடையின் நடு இணைப்பின்மேல் சரியாக உட்கார்ந்திருந்தது. முப்பத்தொன்றில் நடுப்புள்ளி என்று ஒன்றே கிடையாது. மேடையிலேயே தொய்வான இடமான அந்த இணைப்பு இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் விழுந்து, யார் கண்ணிலும் படாமல் படுத்திருந்தது. எண் எங்கும் ஓடவில்லை. இவர்கள்தான் பார்க்காத மாதிரி புள்ளி வைத்திருக்கிறார்கள்.

"ஐயோ, தங்கச்சி தரை" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அவளுடைய தங்கை ஒரு திரைச்சீலைக் கடையின் மாடியை வாடகைக்கு எடுத்து, பெண்களுக்கான உடற்பயிற்சிக் கூடம் வைத்திருந்தாள். பாட்டைப் போட்டுவிட்டு எல்லோரும் சேர்ந்து குதிக்கிற பயிற்சி. முதல் வகுப்பு அன்று நான்கு மணிக்கு. அறுபத்தொரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்த மாடித் தரையைத் தாங்குகிற இரும்பு உத்தரங்கள் பன்னிரண்டு மீட்டர் நீளம். சந்து முனையில் வண்டி திரும்பாது என்று இரண்டிரண்டு துண்டாகக் கொண்டுவந்து, நடுவில் இருபது சென்டிமீட்டர் பட்டை வைத்து, போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். நாலு மாதம் முன்னால் அந்தத் தரைக்குக் கணக்குப் போட்டது வேறு யாரும் இல்லை, அக்காதான்.

அன்றும் நாற்பது கட்டத்தில் முதல் எண்ணாக 2.1 வந்தது. அன்றும் பயந்தாள். நாற்பத்தொன்றில் போட்டாள், இல்லை. ஐம்பத்துமூன்றில் போட்டாள், இல்லை. அவள் விட்ட பெருமூச்சு பக்கத்து மேஜைக்குக் கேட்டிருக்கும். அடுத்த எண் 8.3, அந்த வேகத்தில் மனிதர்கள் யாரும் குதிக்க மாட்டார்கள். 2.1 மேல் சந்தோஷமாக, ஆமாம், சந்தோஷமாகத்தான், சிவப்புக் கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டாள். தங்கை அதற்குள் துண்டுப் பிரசுரம் அச்சடித்து முடித்திருந்தாள்.

உடனே போன் செய்திருக்க வேண்டும். மணி மூன்று ஐம்பது. ஆனால் இவள் என்ன செய்தாள்? முதலில் நிச்சயப்படுத்திக்கொள்கிறேன் என்று மறுபடியும் கணினி முன்னால் உட்கார்ந்தாள். இத்தனை பேரை வரவழைத்துவிட்டு, எதற்கோ பயந்து வகுப்பைக் கெடுத்தாள் என்ற பேச்சு வரக் கூடாதாம். பயந்தவர்களுக்குக் கூட மானம் ஒரு கண்ணைக் கட்டிவிடுகிறது.

நாற்பதில் போட்டாள்: 2.1. எண்பதில்: 2.1. நூற்றறுபதில்: 2.1. கடைசியாக முந்நூற்று இருபத்தொன்றில் போட்டாள். ஒற்றைப்படைதான், ஆனால் புள்ளிகள் நாலு நாலு சென்டிமீட்டர் நெருக்கத்தில். அந்தப் பட்டை எங்கும் ஒளிய முடியாது. திரையில் எண் வந்தது. 2.1. அசையாமல் நின்றது. நாலு மாதம் முன்னால் ஐம்பத்துமூன்று கட்டத்தில் அந்தப் பட்டையைப் பக்கத்துப் புள்ளி தவறவிட்டது எவ்வளவு தூரத்தில் என்று பார்த்தாள். ஒரு சென்டிமீட்டர் சொச்சம்.

தங்கையின் பாட்டு வரிசை ஞாபகம் வந்தது. போன வாரம் அவள் விடாமல் கேட்க வைத்தாள். "முதல் பாட்டு நிமிஷத்துக்கு நூத்தியெட்டு அடி, அக்கா. அப்புறம் பாட்டுக்குப் பாட்டு ரெண்டு ரெண்டா ஏத்துவேன். அவங்களுக்கே தெரியாது. பத்தாவது பாட்டு நூத்தி இருபத்தாறு. அதுல பாரு, செத்தே போயிருவாங்க!" என்று சொல்லிச் சிரித்தாள்.

நூற்றிருபத்தாறை அறுபதால் வகுக்கக் கணினி வேண்டாம்: 2.1. ஒரு பாட்டு ஐந்து நிமிடம்; பத்தாவது பாட்டு நாலே முக்காலுக்குத் தொடங்கும். மணி அப்போது நாலு பதினாறு.

தங்கைக்குப் போன் செய்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள், மறுபடியும். பிறகு கீழ்க் கடைக்காரருக்குச் செய்தாள். அளவெடுக்கப் போனபோது அவர் எண்ணை வாங்கி வைத்திருந்தாள்.

"அட, கணக்கம்மாவா? மேல ஒரே கொண்டாட்டம்தான் போங்க" என்றார் கடைக்காரர். "நம்ம விளக்கெல்லாம் ஆடுது. கொஞ்சம் சுண்ணாம்புகூட உதிர்ந்துச்சு. புதுக் கட்டடம் செட் ஆகுதுன்னு நெனச்சேன்."

"அண்ணே, உடனே மேல போய் நிறுத்தச் சொல்லுங்க. பாட்டை நிறுத்தணும்."

"நான் எப்படிம்மா போறது? ஆம்பளைங்க ஏறக் கூடாதுன்னு உங்க தங்கச்சியே படியில போர்டு மாட்டியிருக்கு. உள்பக்கம் தாழ்ப்பாளும் போட்டிருக்காங்க."

"கரண்டை நிறுத்துங்க."

"அந்த ஸ்பீக்கர் பேட்டரியில ஓடுதும்மா. கரண்ட் போனா வகுப்பு நிக்கக் கூடாதுன்னு வாங்கினதாம். என்கிட்டயே பெருமையா காட்டுச்சு."

"அண்ணே, கதவைத் தட்டுங்க, கத்துங்க, ஏதாவது பண்ணுங்க. முடியலைன்னா கடையில இருக்கிறவங்களை வெளிய கூட்டிட்டுப் போயிருங்க. நீங்களும் நிக்காதீங்க. சிரிக்காதீங்கண்ணே, நான் விளையாடல."

கடைக்காரர் சிரிப்பை நிறுத்தியது அவளுக்குக் கேட்டது.

அச்சில் எடுத்த தாள்களையும் பழைய கோப்பிலிருந்த, சிவப்புக் கோடு போட்ட அந்த ஒற்றைத் தாளையும் பையில் திணித்துக்கொண்டு ஓடி, தெருமுனையில் ஒரு டாக்சியை மறித்தாள். வழியெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். இப்போது ஐந்தாவது பாட்டு, நூற்றுப் பதினாறு. இப்போது ஆறாவது. ஓட்டுநர் கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்காம்மா?"

"இன்னும் இல்லீங்க" என்றாள். சொன்னபிறகுதான் தான் சொன்னது காதில் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஓட்டுநர் வண்டியை விரட்டினார்.

சந்து முனைக்கு வந்தபோது நாலு நாற்பத்தொன்று. உள்ளே வண்டி திரும்பாது. உத்தரங்களே திரும்பாத சந்து அல்லவா. இறங்கி ஓடினாள்.

கடைக்காரர் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். எதை எடுப்பது என்று தெரியாமல் ஒரு துணிச்சுருளைத் தூக்கி மார்போடு அணைத்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. அவர் கையை நீட்டிய பக்கம் பார்த்தாள். ஆளில்லாத கடைக்குள் விற்பனைக்குத் தொங்கவிட்ட திரைச்சீலைகள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. காற்று இல்லை. அத்தனையும் ஒரே தாளத்தில், ஒரே பக்கம் போய், ஒரே பக்கம் வந்தன.

"தட்டிப் பாத்துட்டேம்மா. காதுலயே விழல" என்றார்.

படியேறினாள். கைப்பிடிக் கம்பி உள்ளங்கையில் அதிர்ந்தது. கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். "கதவைத் திற! ஏய், திறடி!" தொண்டை கிழியக் கத்தினாள். உள்ளே பாட்டு முழங்கியது. அறுபது ஜோடிக் கால்கள் விழுந்தன. அறைய அறைய ஒன்று புரிந்தது. இவள் கையும் அதே தாளத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. பயத்தில் உடம்பே அந்தப் பாட்டோடு சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு அறையும் ஒரு குதிக்குள் புதைந்து போனது. இப்படித் தட்டினால் விடிய விடியத் தட்டினாலும் யாருக்கும் கேட்காது.

கையை நிறுத்தினாள். அது லேசில் நிற்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கால்கள் விழட்டும் என்று விட்டாள். இரண்டு குதிகளுக்கு நடுவில் இருக்கும் அந்தத் துளி மௌனத்தில் அறைந்தாள். மறுபடியும் நடுவில். மறுபடியும். பாட்டு ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது. கொஞ்சம் வேகமாக. இதுதான் அது என்று மணி பார்க்காமலே தெரிந்தது. நடுவில் அறைந்தாள். நடுவில்.

தாழ்ப்பாள் விலகியது. கடைசி வரிசையில் குதித்துக்கொண்டிருந்த ஒரு தையல்காரப் பெண் வேர்த்து வடிய எட்டிப் பார்த்தாள். "யாருங்க அது, பாட்டுக்குச் சம்பந்தமில்லாம தட்டுறது?"

அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு முன்னால் தங்கை, காதில் மாட்டிய ஒலிவாங்கியோடு, "இன்னும் மேல! இன்னும் மேல!" என்று கத்திக்கொண்டு குதித்தாள். கண்ணாடியில் அத்தனை பெண்களின் முகங்களும் அலுங்கின. அலுங்கியது குதிப்பதால் அல்ல, கண்ணாடியே அதிர்ந்தது. யாருக்கும் அது தெரியவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தரை ஒவ்வொரு குதிக்கும் அவர்களைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தது. தன் காலில் புதுத் தெம்பு வந்துவிட்டதாக ஒவ்வொருத்தியும் நினைத்திருப்பாள்.

சுவரை ஒட்டியே ஓடினாள். நடுவில் கால் வைக்க அவளுக்குத் துணிவு இல்லை. ஸ்பீக்கரில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியவில்லை. தங்கையின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, அவள் வாய்க்கு முன்னால் நீண்டிருந்த அந்தக் கம்பியில் தன் வாயை வைத்து அலறினாள்.

"நில்லுங்க! எல்லாரும் அப்படியே நில்லுங்க!"

கூடம் முழுக்க அவள் குரல் இடித்தது. கால்கள் நின்றன. தங்கை பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தினாள். அறுபத்தொரு பேரும் அசையாமல் நின்றார்கள்.

தரை நிற்கவில்லை.

ஒரு தடவை மேலே வந்தது. இறங்கியது. மறுபடி வந்தது. யாரும் குதிக்காத கூடத்தில், அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு, தரை தன்பாட்டுக்கு ஏறி இறங்கியது. கணக்குக்காரி எண்ணினாள். ஏழு. ஓரத்தில் வைத்திருந்த ஒரு தண்ணீர்ப் பாட்டில் சாய்ந்து உருண்டு, பெண்களின் கால்களுக்கிடையே போய், நடுவில் நின்றது. யாரோ ஒருத்தி அம்மா என்றாள், சின்னக் குரலில்.

"யாரும் ஓடாதீங்க" என்றாள் அக்கா. "நடுவுல நிக்கிறவங்க முதல்ல ஓரத்துக்கு வாங்க. மெதுவா. சுவத்தை ஒட்டி நடங்க. சேர்ந்தாப்ல அடி வைக்காதீங்க. ஒவ்வொருத்தரா இறங்குங்க. செருப்பு, பை எதையும் எடுக்காதீங்க."

அறுபத்தொரு பெண்கள் வெறுங்காலோடு இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? பதினோரு நிமிடம் ஆயிற்று. அவள் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு கதவருகே நின்றாள். தங்கை கடைசியாக வந்தாள். வாசலில் நின்று, காலியான கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அவர்கள் தெருவுக்கு வந்தபோது கடைக்காரர் தன் கடைக்குள்ளிருந்து வெளியே வந்தார். போகாதீர்கள் என்று எத்தனை பேர் சொல்லியும் போயிருக்கிறார், மனுஷன். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். கட்டை விரல் தடிமனுக்கு ஒரு போல்ட், பாதியில் முறிந்தது. "ரெண்டு கெடக்கு. இது ஒண்ணு" என்றார். முறிந்த இடம் புதுசாகப் பளபளத்தது. பார்த்த பெண்கள் ஒருத்தரையொருத்தர் பிடித்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் தங்கைக்கு அழுகை வந்தது. அக்காவைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுதுகொண்டே எல்லோரிடமும் சொன்னாள். "எங்கக்கா. கணக்குல கண்டுபிடிச்சிட்டு ஓடி வந்திருக்கா. இவ கண்ணுல ஒண்ணு தப்பாது. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். இவ மட்டும் இல்லைன்னா இன்னைக்கு..."

தையல்காரப் பெண் வந்து கணக்குக்காரியின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லா இருக்கணும்மா நீங்க. எனக்கு ரெண்டு பொண்ணு." இன்னொருத்தி வந்தாள். அப்புறம் இன்னொருத்தி.

தரையிலிருந்து இறங்கியும் அவளுக்குப் பயம் இறங்கவில்லை. படியில் நின்றபோதுகூட இவ்வளவு பயந்ததாக அவளுக்குத் தோன்றவில்லை. பேசாமல் இருந்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? முதலாளிக்கு இந்தக் கோப்பு ஞாபகமே இருக்காது. தங்கை சாகும்வரை இதே பெருமையைச் சொல்லிக்கொண்டிருப்பாள், கேட்டுக்கொண்டிருந்தால் போதும். பைக்குள் கையை விட்டாள். அந்தத் தாள் விரலில் பட்டது. எடுத்து நீட்டினாள்.

"என்னக்கா இது?"

"படி. உன் தரை ஆடுற எண், பத்தாவது பாட்டோட வேகம்."

தங்கைக்குக் கணக்கு வராது. ஆனால் 2.1 யாருக்கும் வரும். அதன்மேல் அழுத்தமாக ஒரு சிவப்புக் கோடு. கீழே தேதி. தங்கை தேதியை இரண்டு தடவை பார்த்தாள்.

"இது நாலு மாசத்துக்கு முன்னாடி."

"ஆமா."

"இது யார் அடிச்சது?"

"நான்தான்."

"அப்பவே தெரியுமா உனக்கு?"

"வந்துச்சு. மாத்திப் போட்டா வரல. வரலைன்னதும் போதும்னு விட்டுட்டேன். ஏன் வரலைன்னு பாக்கல." "பாக்க எனக்கு இஷ்டம் இல்ல. இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்டி. நீ நோட்டீஸெல்லாம் அடிச்சிட்டே."

தங்கை தாளை மடித்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

"பயந்தியா அப்ப?"

"பயந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நானும் பயந்திருப்பேனே."

தங்கை அக்காவை விட்டு நகர்ந்து, கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள். எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னாள். யாராவது மேலேயே நின்றுவிட்டார்களோ என்று அவளுக்கு இன்னும் சந்தேகம். விரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. முப்பத்தாறுக்கும் முப்பத்தேழுக்கும் நடுவில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். விரல் அவள்மேல் நிற்காமல் தாண்டிப் போனது. அறுபத்தொன்று சரியாக வந்தது. தங்கை நம்பாமல், மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.